பழைய திஸ்கி கோப்புகளை ரீடராகக் காட்டும் அடாப்டர்: எதுவரை அதன் வேலை?

பெருங்குடி_ஜாவா

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பதிப்பகத்தின் பழைய புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் தேடல் வசதி கட்டிக்கொண்டிருக்கிறோம். கோப்புகள் 1999 வாக்கிலிருந்து சேர்ந்தவை. பெரும்பாலும் திஸ்கி, கொஞ்சம் தாப், மிச்சம் பாமினி; மூன்றுமே யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்குப் புழங்கிய எழுத்துக் குறிமுறைகள். தேடலுக்கு லூசீன் என்ற ஜாவா நூலகம். அதற்கு ஒரு ரீடர் (எழுத்துகளாக வாசித்துத் தரும் ஜாவா க்ளாஸ்) ஆப்ஜெக்டைக் கொடுத்தால் போதும், யூனிகோட் எழுத்துகள் வரும் என்று நம்பி வாசித்துக்கொள்ளும். எங்கள் கையில் இருப்பதோ வெறும் பைட்டுகளாகத் தரும் இன்புட்ஸ்ட்ரீம். அதில் வருபவை பழைய எழுத்துருவின் பைட்டுகள்.

வரைவு இப்படி:

திஸ்கிரீடர் க்ளாஸ், ரீடரின் வாரிசு
– உள்ளே: இன்புட்ஸ்ட்ரீம் மூலம்
– ரீட்(பஃபர், தொடக்கம், நீளம்):
– – மூலத்திலிருந்து 'நீளம்' அளவுக்குப் பைட் எடு
– – ஒவ்வொரு பைட்டுக்கும் அட்டவணையில் உள்ள எழுத்தைப் பஃபரில் வை
– – எத்தனை பைட் எடுத்தோமோ அதைத் திருப்பு

"இதுக்கெல்லாம் பேட்டர்ன் எதுக்கு? ஸ்ட்ரிங் வாங்கி ஸ்ட்ரிங் திருப்புற ஒரு ஸ்டேட்டிக் மெத்தட் போதும்" என்கிறார் எங்கள் டீம் லீட். அடாப்டர்தான் சரி என்று எனக்குப் படுகிறது, காரணத்தை அவரிடம் எடுத்துச்சொல்ல வரவில்லை. இது அடாப்டர்தானா? இந்த வரைவு தாங்குமா?

தரமணி_கம்பைலர்

அடாப்டர்தான் தம்பி. 1994-இல் எரிக் காமா முதலான நால்வர் தொகுத்த 23 டிசைன் பேட்டர்ன்களில் (நிரலில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான வார்ப்புத் தீர்வுகள்) கட்டமைப்பு வகையைச் சேர்ந்த 7-இல் இதுவும் ஒன்று. ராப்பர் என்று இன்னொரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். வாங்குபவன் எதிர்பார்க்கும் இன்டர்ஃபேஸ் ஒன்று, இருக்கும் க்ளாஸ் இன்னொன்று, இரண்டையும் தொடாமல் நடுவில் ஒரு க்ளாஸ். லூசீனை உன்னால் மாற்ற முடியாது, பழைய கோப்பையும் மாற்ற முடியாது. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

க்ளாஸ் அடாப்டரா (இரண்டுக்கும் வாரிசாவது), ஆப்ஜெக்ட் அடாப்டரா (ஒன்றை உள்ளே வைத்துக்கொள்வது) என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. ஜாவாவில் ரீடரும் இன்புட்ஸ்ட்ரீமும் இரண்டுமே அப்ஸ்ட்ராக்ட் க்ளாஸ். ஒரே க்ளாஸ் இரண்டுக்கும் வாரிசாக முடியாது. ஆகவே ஒன்றுக்கு வாரிசாகி, இன்னொன்றை உள்ளே வைத்துக்கொள்வதுதான் வழி. அதைச் சரியாகவே செய்திருக்கிறாய்.

வரைவு தாங்காது. மெத்தட் பெயரும் அளவுருக்களும் பொருந்திவிட்டால் கம்பைலர் திருப்தியாகிவிடும். லூசீன் நம்பியிருப்பது ரீடர் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் வாக்குறுதிகளை. 'கொக்கு' என்ற ஒரு சொல்லை எடுத்துப் பார்.

திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஐந்து பைட்: ெ, க, ா, க், கு. புள்ளி வைத்த 'க்' ஒரே பைட், 'கு'வும் ஒரே பைட். யூனிகோடில் உச்சரிக்கும் வரிசை: க, ொ, க, ், க, ு. ஆறு குறியீடு. முதல் மூன்று பைட் இரண்டு குறியீடாகச் சுருங்குகிறது, கடைசி இரண்டு பைட் நான்காக விரிகிறது. நீ எடுத்த பைட் எண்ணிக்கையைத் திருப்பினால் இந்த ஒரு சொல்லிலேயே கணக்கு தப்பு.

அடுத்து, ஒரு முறை வாசித்ததில் கடைசி பைட்டாக 'ெ' வந்து நின்றால்? அதை உடனே வெளியே தள்ள முடியாது, அடுத்த மெய் வரும்வரை பிடித்துவைக்க வேண்டும். மெய் வந்த பிறகும் விட முடியாது, பின்னால் 'ா' வந்தால் அது 'கொ', வராவிட்டால் 'கெ'. அதாவது உன் அடாப்டருக்கு நினைவு வேண்டும்: வெளியே போகக் காத்திருப்பவை, பஃபரில் இடம் இல்லாமல் மிஞ்சியவை, இரண்டும்.

பிடித்துவைத்த நேரத்தில் "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று 0 திருப்பிவிடாதே. நீளம் 0-க்கு மேல் கேட்டால் ஓர் எழுத்தாவது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், கோப்பு முடிந்தால் மட்டும் -1 என்பது ரீடரின் விதி. 0 வந்தால் பஃபர்டுரீடர் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கும். '0-க்கு மேல் இருக்கும்வரை ஓடு' என்று எழுதிய நிரல்கள் கோப்பு முடிந்ததாக எண்ணிப் பாதியிலேயே நின்றுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, புத்தகத்தின் பின்பாதி மட்டும் தேடலில் கிடைக்காது.

வேளச்சேரி_சி++

லீட் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. சாதாரண நாவல் ஒண்ணு திஸ்கியில பெரும்பாலும் ஒரு எம்பி கூட வராது. மொத்தமா வாசிச்சு, மாத்தி, ஸ்ட்ரிங்ரீடர்ல போட்டுக் குடுத்தா மேல சொன்ன பஃபர் பிரச்சினை எதுவுமே இல்லையே. துண்டு எங்க முடியுதுன்னு கவலைப்படுறதே முழுசா கையில இல்லாததாலதான்.

தரமணி_கம்பைலர்

> மொத்தமா வாசிச்சு, மாத்தி, ஸ்ட்ரிங்ரீடர்ல போட்டுக் குடுத்தா

நல்ல வழி. புத்தகங்களுக்கு அதையே நானும் முதலில் செய்வேன். ஆனால் அதுவும் அடாப்டர்தான் என்பதைக் கவனியுங்கள். வெளியே ரீடர், உள்ளே இன்புட்ஸ்ட்ரீம். நடுவில் முழுக்க வாசிப்பதா, துண்டு துண்டாக வாசிப்பதா என்பது அடாப்டரின் சொந்த விவகாரம். ஸ்டேட்டிக் மெத்தடை லூசீனை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் போட்டால், "இந்தக் கோப்பு திஸ்கி" என்ற தகவல் அத்தனை இடத்துக்கும் பரவிவிடும். நாளைக்கு முறையை மாற்ற வேண்டுமென்றால் அத்தனையையும் தேடிப்போக வேண்டும். லீடின் மெத்தடை எழுதுங்கள், அதை அடாப்டருக்குள் வையுங்கள். சண்டைக்கே அவசியமில்லை.

பெருங்குடி_ஜாவா

நன்றி அண்ணா. புத்தகங்களுக்கு அப்படியே செய்துவிடலாம். சிற்றிதழ்களில்தான் சிக்கல்: பல வருட இதழ்களை ஒரே கோப்பாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். சிறிய சர்வர், பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடும். அவற்றுக்குத் துண்டாக வாசிப்பது தேவைப்படும்.

அம்பத்தூர்_பைத்தான்

ஒரு அடிப்படைக் கேள்வி. எல்லாவற்றையும் ஒரே தடவை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டு இந்தப் பேச்சையே முடித்துவிடலாமே? என்எச்எம் கன்வர்டர் என்ற மாற்றி மென்பொருள் இருக்கிறது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகத்திலும் திஸ்கி மாற்றி இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றாகிவிட்டது. பழைய குறிமுறைக்காகப் புதுக் கோடு எழுதி அதைக் காலத்துக்கும் பராமரிக்க வேண்டுமா?

திருவல்லிக்கேணி_டிடிபி

நான் புரோகிராமர் இல்லை, பக்க வடிவமைப்பு பார்க்கிறவள். ஒரே தடவை மாற்றுவது என்பது ஏன் நடக்காது என்று சொல்கிறேன். இங்கே பல அச்சகங்களில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. எழுத்துருவெல்லாம் பழையவைதான். மறுபதிப்புக்குப் புத்தகத்தைத் திறப்போம், இரண்டு அத்தியாயம் திருத்துவோம், அதே பழைய எழுத்துருவில் சேமித்துப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்புவோம். இன்று மாற்றிவைத்தால் அடுத்த மாதம் மூலம் ஒன்று சொல்லும், நகல் ஒன்று சொல்லும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கோப்புக்குள் இருப்பது எல்லாமே ஒழுங்கான தமிழ் என்று நம்பாதீர்கள். தாளில் சரியாகத் தெரிந்தால் போதும் என்று தட்டச்சு செய்த காலம் அது. 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் போட்டிருப்பார்கள், அச்சில் வித்தியாசமே தெரியாது. 'வௌவால்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' இருக்கும், அதாவது 'வெளவால்'. ஒற்றைக் கொம்பு இரண்டு முறை விழுந்திருக்கும், ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து அச்சில் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

தரமணி_கம்பைலர்

அம்மா, நீங்கள் சொன்ன முதல் பத்திதான் இந்த இழைக்கு அடித்தளம். மூலம் உறைந்துவிட்டது என்றால் ஒரே தடவை மாற்றிவிடுவதே மேல், அம்பத்தூர் நண்பர் சொன்னதில் தவறில்லை. இரண்டு பக்கமும் உயிரோடு மாறிக்கொண்டே இருக்கும்போதுதான் நடுவில் அடாப்டருக்கு வேலை.

இரண்டாவது பத்தி இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கேதான் அடாப்டர் ஊதிப்போகும். "எப்படியும் எல்லா எழுத்தும் இந்த வழியாகத்தானே போகிறது, இங்கேயே ர் திருத்தத்தையும் வௌவாலையும் போட்டுவிடலாம்" என்று தோன்றும். போடாதீர்கள். அடாப்டர் பைட்டில் என்ன இருக்கிறதோ அதை உண்மையாகக் கொண்டுவந்து தரட்டும். 'ெ, வ, ள' என்று இருந்தால் 'வெள' என்றே வரட்டும். அது 'வௌ' ஆக வேண்டுமா என்பதற்கு மொழி தெரிய வேண்டும்: 'வெளவால்' என்றால் மாற்ற வேண்டும், 'வெளியே' என்றால் தொடக்கூடாது. குறிமுறை மாற்றிக்கு அந்த அறிவு தேவையே இல்லை.

திருத்தத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ரீடரை வாங்கி ரீடராகவே திருப்பும் ஒரு க்ளாஸ். இன்டர்ஃபேஸ் மாறவில்லை, நடத்தை மட்டும் கூடுகிறது என்பதால் அது டெக்கரேட்டர். ஜாவாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன: இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் அடாப்டர், அதைச் சுற்றிப் போடும் பஃபர்டுரீடர் டெக்கரேட்டர்.

லூசீனில் இதற்கென்றே கேரக்டர் ஃபில்டர் என்று ஒரு க்ளாஸ் உண்டு, அதுவும் ரீடரின் வாரிசுதான். எழுத்துகளைக் கூட்டிக் குறைத்தாலும் மூலத்தில் எந்த இடம் என்று திருப்பிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். தேடல் முடிவில் சொல்லை மஞ்சளாகக் காட்டும்போது பக்கத்து எழுத்து மஞ்சளாகாமல் இருக்க அது வேண்டும். திருத்தத்தை அடாப்டருக்குள் புதைத்தால் அந்தக் கணக்கு கை நழுவிவிடும்.

மயிலாப்பூர்_நிரலர்

தாமதமாக வருகிறேன். இன்புட்ஸ்ட்ரீம்ரீடரே அடாப்டர் என்று மேலே சொல்லிவிட்டு, அதே வேலைக்கு இன்னோர் அடாப்டரை ஏன் கையால் எழுத வேண்டும்? அது எந்தக் குறிமுறையையும் ஏற்கும், திஸ்கி என்றால் என்னவென்றுதான் அதற்குத் தெரியாது. அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஜாவா 1.4-இலிருந்து, அதாவது 2002 முதல், சொந்தமாக ஒரு கேரக்டர்செட் (குறிமுறையின் வரையறை) எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. அதற்குள் பைட்டை எழுத்தாக்கும் டிகோடர் ஒன்றை எழுதினால் பஃபர் மேலாண்மை, -1, காத்திருத்தல், க்ளோஸ் எல்லாம் ஏற்கெனவே சோதித்த கோடிலிருந்து வந்துவிடும். உங்கள் பொறுப்பு எழுத்து மாற்றம் மட்டுமே. தாபுக்கு ஒன்று, பாமினிக்கு ஒன்று என்று அட்டவணை மாறும், அவ்வளவுதான்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். டிகோடரின் லூப்பில், முழுமையடையாத பைட்டுகளை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு "இன்னும் வேண்டும்" என்று சொல்ல முடியும், அடுத்த முறை அவை திரும்ப வரும். பார்க்க எளிமையாக இருக்கும், திஸ்கிக்கு ஒத்துவராது. கோப்பு 'ெ, க' என்று முடிந்தால் 'ா' வருமா என்று காத்திருந்து அந்த இரண்டையும் விட்டுவைத்திருப்பீர்கள். கோப்பு முடிந்ததும் எடுக்காத பைட்டுகளைப் பழுதானவை என்றே ஜாவா கருதும், 'கெ' காணாமல் போகும். அதனால் பைட்டை எடுத்து உங்கள் உள்நிலையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கூப்பிடப்படும் ஃப்ளஷ் மெத்தடில் மிச்சத்தை வெளியே தள்ளுங்கள். ரீசெட் மெத்தடில் அந்த உள்நிலையைத் துடைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அதே டிகோடரைத் திரும்பப் பயன்படுத்தும்போது முந்தின கோப்பின் கொம்பு அடுத்த கோப்பின் முதல் எழுத்தில் வந்து ஒட்டும்.

தரமணி_கம்பைலர்

மயிலாப்பூர் நண்பர் சொன்னதையே எடுத்துக்கொள் தம்பி. பேட்டர்ன் தெரிந்திருப்பதன் பயனே இதுதான்: "எனக்கு இங்கே அடாப்டர் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்டால், அது ஏற்கெனவே இருக்கிறது என்று இன்னொருவர் காட்டிவிடுகிறார்.

போரூர்_ஆண்ட்ராய்டு

குறுக்கே ஒரு சந்தேகம். ஜாவாவின் மவுஸ்அடாப்டர் என்ன வகை? ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்ட நாங்கள் தினமும் எழுதும் ரீசைக்ளர்வியூ அடாப்டர்?

வேளச்சேரி_சி++

மவுஸ்அடாப்டர் பேர்ல மட்டும்தாங்க அடாப்டர். லிஸனர்ல இருக்கிற எல்லா மெத்தடையும் காலியா எழுதிவெச்ச க்ளாஸ் அது, வேண்டியத மட்டும் நாம எழுதிக்கலாம். அது எதையும் எதுக்கும் மாத்தித் தரல. 2014-ல ஜாவா 8-ல டீஃபால்ட் மெத்தட் வந்ததுக்கப்புறம் அந்த மாதிரி க்ளாஸுக்கு அவசியமும் குறைஞ்சு போச்சு. ரீசைக்ளர்வியூல இருக்கிறது உண்மையிலயே நடுவாள்: உங்க டேட்டா எந்த வடிவத்துல இருந்தாலும் "எத்தனை வரி, இந்த வரியில என்ன"ன்னு வியூ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லுது. சி++-ல ஸ்டாக், க்யூ ரெண்டும் கன்டெய்னர் அடாப்டர்தான். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா உள்ள டெக் (ரெண்டு முனையிலயும் சேர்க்க, எடுக்க முடியுற கன்டெய்னர்) இருக்கும்.

அம்பத்தூர்_பைத்தான்

திருவல்லிக்கேணி அம்மா சொன்ன பிறகு என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாக்குறுதி பற்றிப் பேசியதால் பணம் செலுத்தும் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

கடைக்காரர்களுக்கான செயலி எங்களுடையது. இரண்டு கேட்வே (பணப்பரிமாற்றத்தை நடத்தித்தரும் வெளிச் சேவை), இரண்டுக்கும் ஒரே 'பணம்பெறு' இன்டர்ஃபேஸ். ஒன்று தொகையை ரூபாயில் தசமப் புள்ளியோடு கேட்கும், இன்னொன்று பைசாவில் முழு எண்ணாகக் கேட்கும். மெத்தட் பெயரை மாற்றிவிட்டு 100-ஆல் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். தசமத்தைத் தோராயமாகவே சேமிக்கும் டபுள் டைப்பில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், முழு எண்ணாக வெட்டினால் 1998 பைசா. கம்பைலருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. தசமத்துக்கான டைப்பை அடாப்டரின் வாசலிலேயே வைத்து, பைசாவுக்குக் கீழே ஏதாவது மிஞ்சினால் எக்செப்ஷன் எறிய வேண்டும்.

தொகையைவிட ஆபத்தானது நிலை. நேரம் கடந்துபோனால் ஒரு கேட்வே எக்செப்ஷன் எறியும், இன்னொன்று 'நிலுவை' என்று பதில் அனுப்பும். எக்செப்ஷனைத் 'தோல்வி' என்று மொழிபெயர்த்தால் கடைக்காரர் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்வார், வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு முறை பணம் போகும். பதில் வரவில்லை என்பதும் பணம் போகவில்லை என்பதும் வேறு வேறு. ஆகவே நம் இன்டர்ஃபேஸிலேயே வெற்றி, தோல்வி, நிலுவை என்று மூன்று நிலை இருந்தாக வேண்டும்.

கம்பெனி காலத்து மதராஸில் துபாஷிகள் (இருமொழி தெரிந்த வணிகத் தரகர்கள்) செய்த வேலை இதுதான். பேச்சை மட்டும் மாற்றிச் சொன்னால் வியாபாரம் நடந்திருக்காது. வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு என்ற நாணயக் கணக்கையும், இந்த ஊரில் எது ஒப்புக்கொண்டதாகப் பொருள், எது இன்னும் பேரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டியிருந்தது.

மயிலாப்பூர்_நிரலர்

> நம் இன்டர்ஃபேஸிலேயே வெற்றி, தோல்வி, நிலுவை என்று மூன்று நிலை இருந்தாக வேண்டும்

இதை எல்லோரும் படிக்க வேண்டும். முதலில் ஒப்பந்தம் போட்ட கேட்வேயின் இன்டர்ஃபேஸையே அப்படியே நகலெடுத்து "இதுதான் நம் பொது இன்டர்ஃபேஸ்" என்று வைத்துவிடுவது எங்கும் நடக்கிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு கேட்வேயும் முதல் கேட்வேயாக நடிக்க வேண்டியிருக்கும். நம் கடைக்கு என்ன தேவையோ அதிலிருந்து இன்டர்ஃபேஸ் பிறக்க வேண்டும். அலிஸ்டர் கோபர்ன் 2005-இல் எழுதிய 'போர்ட்டுகளும் அடாப்டர்களும்' கட்டமைப்பின் மையமும் இதுவே: போர்ட் நம்முடையது, அடாப்டர் வெளியாளுக்கு ஏற்றது.

அடையாறு_டெஸ்டர்

சோதனை பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். பெருங்குடி தம்பி, ஒரே ஒரு சோதனையை எழுதுங்க, பாதிப் பிழை அதிலேயே விழுந்துடும். ஒரு பக்கத் திஸ்கி கோப்பை எடுத்துக்கோங்க. முழுசா ஒரே தடவையில வாசிச்ச விடையை வெச்சுக்கோங்க. அப்புறம் மூலத்துல இருந்து ஒவ்வொரு பைட்டா மட்டும் தர்ற ஒரு போலி இன்புட்ஸ்ட்ரீம் போட்டு வாசிங்க. பிறகு இரண்டு இரண்டா, மூணு மூணா. வெளியே பஃபர் நீளத்தையும் 1, 2, 3னு மாத்துங்க. எல்லா விடையும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். கொம்பு துண்டு எல்லையில விழுற எல்லா வாய்ப்பும் இதுலயே வந்துடும்.

இதே சோதனையைத் தாபுக்கும் பாமினிக்கும் ஓட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதாதீங்க, ரீடர் என்ன செய்யணுமோ அதைத்தானே சோதிக்கிறோம், ஒரே சோதனை மூணுக்கும் பொருந்தணும். கூடவே ஒண்ணு: 'ொ'வை ஒரே குறியீடாவும் எழுதலாம், 'ெ'யும் 'ா'வுமா இரண்டு குறியீடாவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாத்தான் பாக்குது, நீங்க நார்மலைஸ் பண்ணலைன்னா, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலைன்னா, தேடல் பாக்காது. எந்த வடிவம் வெளியே வரும்னு முடிவு பண்ணி அதையும் சோதனையில எழுதிடுங்க.

பெருங்குடி_ஜாவா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேரக்டர்செட் வழியில் போகிறேன். திருத்தங்கள் கேரக்டர் ஃபில்டரில். லீடும் சம்மதித்துவிட்டார்.

பாமினிதான் மிச்சம். திஸ்கியில் ஆங்கிலம் தன் இடத்தில் இருக்கிறது, தமிழ் பைட் எண்களின் மேல் பாதியில் இருக்கிறது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. கோப்பைப் பார்த்து இது பாமினியா, வெறும் ஆங்கிலமா என்று அடாப்டரே கண்டுபிடிக்கலாமா?

திருவல்லிக்கேணி_டிடிபி

பைட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது தம்பி. பேஜ்மேக்கர் கோப்பில் எந்த வரி எந்த எழுத்துரு என்பது இருக்கும், வெறும் உரையாக ஏற்றுமதி செய்தால் அது போய்விடும். எழுத்துரு அடையாளத்தோடு ஏற்றுமதி செய்ய அதிலேயே வழி இருக்கிறது. பதிப்பகத்திடம் அப்படி வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கில மேற்கோள் நடுவில் வரும் கட்டுரைகளுக்கு வேறு வழியே கிடையாது.

தரமணி_கம்பைலர்

அம்மா சொன்னபடி வாங்கு. எழுத்துரு அடையாளத்தைப் படித்து எந்த டிகோடர் என்று தேர்ந்தெடுப்பது ஒரு ஃபேக்டரியின் (தேவையான ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் பகுதியின்) வேலை, அடாப்டர் ஊகிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. இன்புட்ஸ்ட்ரீம்ரீடருக்குக் குறிமுறையின் பெயரைக் கொடுத்தால், தெரியாத பைட் வரும்போது சத்தமில்லாமல் ஒரு மாற்றுக்குறியை வைத்துவிட்டுப் போய்விடும். பெயருக்குப் பதில் டிகோடர் ஆப்ஜெக்டையே கொடு. அதன் இயல்பான அமைப்பு பிழையை அறிவிப்பது, எக்செப்ஷன் வரும். த்ரெட்டுக்கு ஒரு டிகோடர் வேண்டும், பகிராதே. அந்த எக்செப்ஷனைப் பிடித்துக் கோப்பின் பெயரையும் எத்தனையாவது பைட் என்பதையும் பதிவு செய், அந்தக் கோப்பை மட்டும் ஒதுக்கிவை. ஒதுங்கியவற்றில் திஸ்கி என்று தவறாகப் பெயரிட்ட தாப் கோப்புகளும் இருக்கலாம். அந்தப் பட்டியலைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடு.